மூன்று ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய மோட்டார் சைக்கிள்



கோயம்புத்தூருக்கு அருகில் கலங்கல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், அந்த வட்டாரத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே ஓடிய மண்சாலையில் அது ஓர் அதிசயம். ஊரார் அதிசயத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஓர் இளைஞரின் மனம் மட்டும் அந்த வண்டியை விட்டு நகரவில்லை. இழுக்க மாடு இல்லை, குதிரை இல்லை. பிறகு அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

அந்த இளைஞரே பின்னாளில் இந்தியாவின் எடிசன் என்று அழைக்கப்பட்ட ஜி.டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் அவரைப் பற்றி ஒரு கதையாவது சொல்வார்கள்.

நான் கோப்பெங்கில் லோரி எஞ்சின்களைப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் பிள்ளைகளிடம் அவருடைய கதை பாதியாகவே போய்ச் சேர்கிறது. பள்ளிக்கூடம் போகாமலே மேதையானார் என்ற பாதி அது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாவிட்டால், அந்தக் கதை நன்மையை விடத் தீமையே அதிகம் செய்யும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை

எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்புறம் வெல்டிங் மெஷினும் ஒரு பழைய எஞ்சினும் வைத்திருக்கும் பையன்கள் நிறைய. சிம்பாங் பூலாயில் கல்மலைகள் இருப்பதால் கல் ஏற்றும் லோரிகளுக்குக் குறைவில்லை. லோரி இருக்கும் இடத்தில் பட்டறை இருக்கும். பட்டறை இருக்கும் இடத்தில் கைத்திறமை உள்ள பையன்களும் இருப்பார்கள்.

அவர்களில் ஒருவன் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, மேலே படிக்க மனமில்லாமல், தன் மாமாவின் லோரியே கதி என்று இருந்தான். அது ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் இன்டேக் மெனிஃபோல்டைக் கழற்றி, அதற்குப் பதிலாகப் பெரிய குழாயை வெட்டிச் சேர்த்து வீட்டிலேயே புதிதாக ஒன்றைச் செய்திருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணே, இதை மாமா வண்டியில் மாட்டலாமா என்று கேட்டான். வெல்டிங் சுத்தமாக இருந்தது. அவன் கையில் திறமை இருப்பது பார்த்தவுடன் தெரிந்தது.

இன்டேக் மெனிஃபோல்ட் என்பது எஞ்சினுக்குள் காற்று போகும் கிளைக்குழாய். ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. பார்ப்பதற்குச் சாதாரணக் குழாய்தான். ஆனால் அதற்குள் போகும் காற்றின் அளவை எண்ணிப் பாருங்கள். 8 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு லோரி எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எல்லாச் சிலிண்டரும் காற்றை உள்ளே இழுக்கும். ஆக, டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,000 லிட்டர் காற்று. 200 லிட்டர் எண்ணெய் டிரம் நாற்பது! டர்போ இருந்தால் இன்னும் அதிகம்.

கோப்பெங்கின் ஈய லம்பக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். அந்தக் காலத்தில் மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரைக் கீழே கொண்டுவந்து, அதன் வேகத்தால் மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தார்கள். குழாய் எங்கே வளைகிறது, எங்கே குறுகுகிறது, எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்தே கடைசியில் கிடைக்கும் வேகம் அமையும். காற்றுக்கும் இதே கணக்குத்தான். முதல் சிலிண்டருக்கு நிறையவும் ஆறாவது சிலிண்டருக்குக் குறைவாகவும் காற்று போனால், ஆறாவது சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது. புகை வரும், சூடு ஏறும்.

அந்தப் பையன் என்னிடம் பேசும்போது ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சொன்னான். அவர் என்ன படித்தா கண்டுபிடித்தார் என்பது அவன் கேள்வி. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

படிப்பு நின்றது, கற்பது நிற்கவில்லை

ஜி.டி. நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கலங்கலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய குறும்புக்காரச் சிறுவன் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தொடக்க வகுப்புகளோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு நிலத்தில் வேலை செய்தார்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்த பிறகு, அதுபோல் ஒன்றைச் சொந்தமாக வாங்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது. கையில் பணம் இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகள் கூலியை மிச்சம் பிடித்தார். முந்நூறு ரூபாய் அளவில் சேர்ந்ததும் ரட்ஜ் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றியிருக்கலாம். அவர் அதை முழுதாகக் கழற்றிப் போட்டார். பிறகு மீண்டும் பூட்டினார். மறுபடியும் கழற்றினார். எந்தப் பாகம் எதற்கு என்பது விளங்கும்வரை இப்படியே செய்தார். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. கழற்றிய பொருள்களே அவருக்குப் பாடப்புத்தகம். இந்த வழியில் அவர் ஒரு மெக்கானிக் ஆனார்.

அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். பெட்ரோலையும் காற்றையும் கலக்க ஒரு கார்புரேட்டர். தீப்பொறிக்கு ஒரு மேக்னெட்டோ. உள்ளே ஒரு பிஸ்டன். கூடவே இரண்டு வால்வு. எஞ்சினைப் படிக்க அதைவிட நல்ல முதல் வகுப்பு கிடையாது. ஒரே ஒரு சிலிண்டர் என்பதால் காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதைக் கண்ணாலேயே தொடரலாம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அவர் கழற்றியது தன் சொந்தக் கூலியில் வாங்கிய வண்டியை. அது மீண்டும் ஓடாமல் போயிருந்தால் நஷ்டம் அவருக்கு மட்டுமே. இரண்டாவது, அவர் கழற்றுவதோடு நிறுத்தவில்லை. பூட்டி ஓட வைத்தார். கழற்றுவதற்கு ஒரு ஸ்பேனர் போதும். முன்பு ஓடியது போலவே ஓட வைப்பதற்குத்தான் அறிவு வேண்டும்.

விழுந்தும் எழுந்தவர்

மெக்கானிக் ஆனவுடன் அவர் வாழ்க்கை நேராக உயரவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பருத்தி அரைக்கும் ஆலை நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல லாபம் கிடைத்தது. அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பெரிய பருத்தி வியாபாரிகளோடு போட்டியிட்டார். சம்பாதித்ததை அங்கே இழந்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர். கோயம்புத்தூரில் பல தொழில்களைத் தொடங்கியவர் அவர். அவருடைய உதவியால் கடனில் ஒரு பஸ்ஸை வாங்கினார் நாயுடு. 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ்ஸை அவரே ஓட்டினார். இங்குள்ளவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஈப்போவிலிருந்து தைப்பிங் போகிற தூரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். பழனி முருகன் கோயிலுக்குப் போகிற பக்தர்களும் சந்தைக்குப் போகிற விவசாயிகளும் செல்கிற வழி அது.

முதலாளி, டிரைவர், மெக்கானிக் ஆகிய மூன்று வேலைகளையும் அவரால் பார்க்க முடிந்ததற்குக் காரணம் அந்த மோட்டார் சைக்கிள். வழியில் பஸ் நின்றுவிட்டால் அழைத்துவர வேறு ஆள் கிடையாது. பாகம் தேய்ந்தால் மறுநாளே வாங்கக் கடையும் கிடையாது; பல பாகங்கள் கப்பலில் வரவேண்டும். எனவே தன் பட்டறையிலேயே செய்துகொள்ளும் பழக்கம் அக்காலத்து பஸ் முதலாளிகளுக்கு இயல்பாகவே வந்தது.

அன்றைய பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் மெனிஃபோல்டின் வேலை இன்னும் சிக்கலானது. காற்றோடு பெட்ரோல் துளிகளும் அதே குழாயில்தான் போகும். குழாய் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் சுவரில் ஒட்டி வழியும். பக்கத்துச் சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகம், தூரத்துச் சிலிண்டருக்குக் குறைவு என்று ஆகிவிடும். இதனால் பல எஞ்சின்களில் புகை வெளியேறும் சூடான குழாயை ஒட்டியே இந்தக் குழாயையும் அமைத்தார்கள். குழாயின் வடிவத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரியாமல் வடிவத்தை மாற்றக்கூடாது.

நாயுடுவின் ஒற்றை பஸ் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. யு.எம்.எஸ். என்றால் கோயம்புத்தூர் வட்டாரத்தில் அனைவருக்கும் தெரியும். 1930-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் 280 பஸ்கள் வரை ஓட்டியது என்று சொல்கிறார்கள். நேரம் தவறாமைக்கும் ஒழுங்குக்கும் அது பேர் பெற்றது. முந்நூறு ரூபாய் சேர்க்க மூன்று ஆண்டுகள் உழைத்தவர் இந்த நிலைக்கு வந்தார்.

மோட்டார், ரேஸர், ரேடியோ

பஸ் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்த போதே அவர் மனம் மற்ற இயந்திரங்களுக்குத் தாவியது. வெளிநாடுகளுக்குப் போனார். கேமரா மீது அவருக்குப் பெரும் ஆசை. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். அதே காலத்தில் மாகாணத் தேர்தலிலும் நின்று பார்த்தார், தோற்றார்.

1937-ஆம் ஆண்டு, டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் இருந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில் மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைக் குறிப்பிடுவார்கள். இன்று கோயம்புத்தூர் என்றாலே பம்புசெட்டும் மோட்டாரும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அந்தப் பெயருக்கு விதை போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

ரேஸண்ட் என்ற பெயரில் ஒரு மின்சாரச் சவரக் கருவியை உருவாக்கினார். உலர் மின்கலத்தில் ஓடும் மிகச் சிறிய மோட்டார் அதற்குள் இருந்தது. 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று காட்டினார். மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, கள்ள ஓட்டுக்கு இடம் தராத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். பருத்தி, சோளம், பப்பாளிச் செடிகளிலும் ஆராய்ச்சி செய்தார். சர் சி.வி. ராமனும் சர் விஸ்வேஸ்வரய்யாவும் அவருடைய இடத்துக்கு வந்து பார்த்தார்கள். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி, தொடக்க வகுப்போடு நின்றவரைப் பார்க்க வந்தார் என்றால் அந்தப் பெருமை சாதாரணமானதா?

இந்தப் பொருள்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாமே சாதாரண மனிதர் தினமும் பயன்படுத்துகிறவை. அவற்றைக் குறைந்த விலையில் கொடுக்கவேண்டும் என்பதே அவர் எண்ணம்.

பள்ளியை விட்டவர் கட்டிய கல்லூரி

பலருக்குத் தெரியாத மறுபாதிக்கு இப்போது வருகிறேன். 1944-இல் அவர் பஸ் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர்களுக்கு நலத்திட்டம் என்று அறப்பணிகளை அறிவித்தார். 1945-இல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. அந்தக் கல்லூரியே பின்னர் வேறு இடத்துக்கு மாறி, இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது.

பள்ளிப்படிப்பை முடிக்காதவர் அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். ஆனால் அந்தப் பதவியில் நெடுநாள் நீடிக்கவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வேண்டாம், ஒரு நாளில் பல ஷிப்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கருத்து. ஆங்கிலேய அரசு அதை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்து வெளியேறினார்.

நான்கு ஆண்டா, இரண்டு ஆண்டா என்பதில் யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. படிப்பே வேண்டாம் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. படிப்பில் நேரம் வீணாகிறது என்றுதான் கோபப்பட்டார். படிப்பு தேவையில்லாதது என்று நினைப்பவர் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கல்லூரி கட்டுவாரா? தான் மூன்று ஆண்டு பரிமாறியும், மோட்டார் சைக்கிளைப் பலமுறை கழற்றியும் கற்றதை, அடுத்த தலைமுறை ஒழுங்கான பட்டறையில் விரைவாகக் கற்கட்டும் என்பதே அவர் விருப்பம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அனுமதி கிடைக்காத கார்

1952-ஆம் ஆண்டு, இரண்டு பேர் அமரக்கூடிய ஒரு சிறிய பெட்ரோல் காரை அவர் வெளியிட்டார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பங்கள் காரை எட்டிப் பார்க்கவும் முடியாத காலம் அது. ஆனால் அதைத் தயாரிக்கத் தேவையான உரிமத்தை அரசு கொடுக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

அரசின் வரிக் கொள்கையோடும் அவருக்கு நீண்ட சண்டை. கடைசியில் வெறுத்துப்போய், தான் செய்த பொருள்கள் சிலவற்றை மக்கள் முன்னிலையிலேயே உடைத்துக் காட்டினார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இது. ஒரு பொருளைச் செய்தவன் அதைத் தன் கையாலேயே உடைக்கும் அளவுக்கு மனம் நொந்தான் என்றால், அதில் அந்த நாட்டுக்கும் நஷ்டம், அவருக்கும் நஷ்டம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் உடைந்த கருவியைப் பார்த்து அடுத்தவர் எதையும் கற்க முடியாது.

அவர் அதோடு முடங்கவில்லை. 1967-இல் கோயம்புத்தூரில் நிரந்தரத் தொழிற்கண்காட்சி ஒன்றை ஏற்படுத்தினார். இயந்திரங்களைப் பிள்ளைகள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடம் அது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் காலமானார். அவர் பெயரால் நடக்கும் கண்காட்சியும் அறநிறுவனமும் இன்றும் இருக்கின்றன.

மாமாவின் லோரி

எங்கள் பட்டறைக்கு வந்த பையனின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவன் செய்த மெனிஃபோல்டை மாமாவின் லோரியில் மாட்டலாமா?

மாட்டவேண்டாம் என்றேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. காரணத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த லோரி சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி இறங்குகிறது. அதில் மாமாவின் உயிரும் இருக்கிறது, குடும்பத்தின் சோறும் இருக்கிறது, எதிரே காரில் வரும் குடும்பத்தின் உயிரும் இருக்கிறது. குழாய்க்குள் ஒட்டியிருக்கும் வெல்டிங் கசடு ஒரு துளி உதிர்ந்தால் போதும். அது நேராகச் சிலிண்டருக்குள் போய் வால்வையும் பிஸ்டனையும் கெடுக்கும். ஃபில்டருக்குப் பிறகு இணைப்பில் சிறு இடைவெளி இருந்தால் கல்மலைத் தூசி உள்ளே போகும். அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கை அரம்போல் தேய்க்கும்.

இன்னொன்றும் சொன்னேன். டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் கூட்டினால் சக்தி கூடிவிடாது. சக்தி கூட வேண்டுமென்றால் டீசலும் கூடவேண்டும். டீசல் கூடினால் சூடும் அழுத்தமும் கூடும். அதைத் தாங்க மற்றப் பாகங்கள் தயாராக இருக்கவேண்டும். மேலும், வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகவேண்டும். எஞ்சினில் மாற்றம் செய்ய சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் விஷயத்தில் மாமா தனியாக நிற்க வேண்டி வரலாம்.

அப்படியானால் அவன் செய்ததைக் குப்பையில் போடுவதா? கூடவே கூடாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அவனுடைய பழைய எஞ்சினை ஒரு ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னேன். அதுதான் அவனுக்கு ரட்ஜ் மோட்டார் சைக்கிள். முதலில் மெனிஃபோல்டின் எல்லா வாயையும் அடைத்து, உள்ளே கொஞ்சம் காற்றழுத்தம் கொடுத்து, வெல்டிங் மீது சோப்பு நீர் தடவிப் பார்க்கச் சொன்னேன். குமிழி வந்தால் கசிவு.

அடுத்தது அளவு. இரண்டு ரிங்கிட் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யு எழுத்துபோல் வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றினால் அது ஓர் அழுத்தமானி. ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் இணைத்து எஞ்சினை ஓட்டினால், காற்றை இழுக்க எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதைத் தண்ணீர் மட்டத்தின் ஏற்ற இறக்கம் காட்டிவிடும். டர்போ லோரி எஞ்சின்களுக்கு ஏறக்குறைய 25 அங்குலத் தண்ணீர் அளவு எட்டினால் ஃபில்டரை மாற்றவேண்டும் என்பது பொதுவான கணக்கு. முன்பிருந்த மெனிஃபோல்டோடு ஒரு முறை, புதியதோடு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டர் வாயிலிலும் அளந்து, நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதச் சொன்னேன்.

அவன் அளந்தான். அவன் செய்த குழாயில் முன்பக்கச் சிலிண்டர்களுக்கும் பின்பக்கச் சிலிண்டர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. பெரிய குழாய் என்றால் நல்ல குழாய் என்ற எண்ணம் அங்கேயே போய்விட்டது. இப்போது மூன்றாவது மெனிஃபோல்டைச் செய்துகொண்டிருக்கிறான். மாமாவின் லோரி பழைய மெனிஃபோல்டோடு வழக்கம்போல் மலை ஏறி இறங்குகிறது.

நோட்டுப் புத்தகம் சான்றிதழாகும்

அந்த நோட்டுப் புத்தகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து அதைப் பெறலாம். பட்டறையில் ஏற்கெனவே வேலை செய்து அனுபவம் பெற்றவர்கள், தங்கள் திறமைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்தும் பெறலாம். பி.பி.தி. என்ற முன்னனுபவ அங்கீகார முறை அதற்காகவே இருக்கிறது. தேதி போட்ட குறிப்புகளும் படங்களும் வைத்திருப்பவனுக்கு அந்த வழி எளிது. கைத்திறமை இருந்தும் எழுதி வைக்காதவன் திண்டாடுவான்.

ஈப்போவில் இருக்கும் உங்கு ஒமார் பாலிடெக்னிக் 1969-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் பாலிடெக்னிக் அது. கோப்பெங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். தொழிற்பயிற்சிக் கழகங்களும் உண்டு. நாயுடுவின் இளமையில் கோயம்புத்தூரில் இப்படி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவர் போயிருக்கமாட்டார் என்று யாரால் சொல்லமுடியும்? அவர் கட்டிய கல்லூரியைப் பார்த்தால், முதல் வரிசையில் போய் உட்கார்ந்து ஆசிரியரைக் கேள்வி கேட்டே களைப்படைய வைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தம்பிகளே, தங்கைகளே, கழற்றிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் அதைக் கைவிடாதீர்கள். சொந்தப் பணத்தில் ஒரு பழைய எஞ்சின் வாங்குங்கள். நல்ல மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள், பூட்டுங்கள், அளந்து எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் கை கருப்பாக இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பட்டறைக் கதவு திறந்தே இருக்கிறது. எஸ்.கே.எம். விண்ணப்பப் பாரத்தை நிரப்ப உதவி வேண்டுமென்றாலும் வரலாம்.